விளக்குத் தண்டு என்று நான் சொன்ன பொய்

கண்ணு, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஆளுக்குப் பதில் எழுதாதே. சாப்பிட்டாயா, குளிர் எப்படி இருக்கிறது, அந்த ஊர் ரொட்டி வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதையெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்கிறேன். நேற்று நீ போனில் சிரித்துக்கொண்டே, "அம்மா, உன்னோட கஸ்டமர் ஒருத்தர் எனக்கு மெசேஜ் பண்ணியிருக்கார்மா. விளக்குத் தண்டு மெஷினுக்கு இன்னொரு டைமர் வேணுமாம். ரொம்ப மரியாதையாப் பேசறார்" என்றாயே, அந்த மரியாதைக்காரருக்கு ஓர் எழுத்துகூட எழுதாதே. அவர் அனுப்பியதை அழிக்கவும் அழிக்காதே. அப்படியே இருக்கட்டும். நேற்று நான், "கடைக்கு ஆள் வந்திருக்காங்க கண்ணு, அப்பறம் பேசறேன்" என்று சொல்லி வைத்தேன் அல்லவா? கடைக்கு யாரும் வரவில்லை. பயத்தில் வைத்துவிட்டேன். அதுவும் ஒரு பொய்தான், ஆனால் நான் உன்னிடம் சொன்னவற்றில் அது சின்னது.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை என்பதையும் இப்போதே தெரிந்துகொள். பக்கங்களைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவேன். தாளைக் காவல் நிலையத்தில் கொடுக்கப்போகிறேன். ஒரு நகலைக் கடை ஷட்டரில் ஒட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். அதியமான்கோட்டையில் ஒரு கடை இரண்டு நாள் பூட்டியிருந்தால் போதும், டீக்கடையில் ஆளுக்கொரு கதை கட்டிவிடுவார்கள். அவர்கள் கட்டுகிற கதையில் நீ எந்த வேஷத்தில் வருவாயோ தெரியாது. அதற்கு என் கதையை நானே ஒட்டிவிட்டுப் போவது மேல். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் எழுதுவேன். மற்றவர்கள் படிப்பதற்காக என்று நினைத்துப் பொறுத்துக்கொள்.

நான் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தவள். வகுப்பில் நானும் இன்னொருத்தியும்தான் பெண்கள், அவள் பாதியில் கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். உன் அப்பாவுக்குப் பால் வண்டி, எனக்கு மோட்டார். எரிந்துபோன போர் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை வெட்டி எடுத்து, புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது என் தொழில். இண்டூரிலிருந்தும் வத்தல்மலை அடிவாரத்திலிருந்தும் என்னைத் தேடிக்கொண்டு வருகிறார்கள் என்றால் சும்மா இல்லை. எனக்கு அந்தக் கர்வம் உண்டு, இல்லை என்று சொன்னால் நீயே சிரிப்பாய். வந்த வினையெல்லாம் அந்தக் கர்வத்தின் வழியாகத்தான் வந்தது. யாராவது வந்து, "இதை யாராலயும் செய்ய முடியலைங்க" என்று சொல்லிவிட்டால் போதும், எனக்குச் சோறு இறங்காது. அந்த ஆள் போன வருஷம் மாங்காய் சீசன் முடிந்த சமயத்தில் கடைக்கு வந்து சொன்னதும் அதே வார்த்தைதான்.

வெள்ளைக் கார், சட்டைப்பையில் இரண்டு பேனா, வாய் நிறைய "அக்கா". தமிழில் நடுநடுவே கன்னடம் கலந்து பேசினார், எல்லைப் பக்கத்து ஆள் என்று நினைத்துக்கொண்டேன். கைக்குட்டையைப் பிரித்து மேசைமேல் நாலைந்து பித்தளைக் கூடுகளை வைத்தார். விரல் நீளம், ஒரு பக்கம் மூடியிருந்தது, மறுபக்கம் கழுத்து ஒடுங்கி வாய் திறந்திருந்தது. துப்பாக்கித் தோட்டாவின் வெறும் கூடு என்று பார்த்தவுடனே தெரிந்தது. தெரியவில்லை என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்லமாட்டேன். "ரைஃபிள் கிளப்புக்குங்கக்கா. போட்டிக்குச் சுடறவங்க. புதுசு வாங்கிக் கட்டுப்படியாகறதில்ல. சுட்ட கூட்டையே மறுபடி நிரப்பிக்குவாங்க. அஞ்சாறு தடவ ஆனா கழுத்து விறைச்சு விரிசல் விட்டுருது. கழுத்துக்கு மட்டும் சூடு காட்டி இளக்கணும். கேஸ் அடுப்புல காட்டினா ஒண்ணு மாதிரி ஒண்ணு வர்றதில்ல. பெங்களூர்ல ரெண்டு பேர்கிட்டக் குடுத்தேன், முடியலைன்னுட்டாங்க" என்றார். பிளாஸ்டிக் உறையில் ஏதோ ஓர் அட்டையையும் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. நான் பாதிதான் படித்தேன். மீதி பாதியைப் படிக்காமல் விட்டது கண் தெரியாததால் இல்லை. படித்தால் வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்றுதான்.

அப்போதே என் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. செத்துப்போன இண்டக்ஷன் அடுப்பு நம் கடை மூலையில் நாலு கிடக்கிறதே! பாத்திரத்தைச் சூடாக்குகிற அதே வித்தைதானே? தட்டையான சுருளுக்குப் பதிலாகச் செம்புக் குழாயைச் சின்ன வளையமாகச் சுற்றி, கூட்டின் கழுத்தை அதற்குள் நிறுத்தினால், நெருப்பே இல்லாமல் கழுத்து மட்டும் பழுக்கும். இத்தனை நொடி என்று வைத்து நிறுத்திவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி வரும். அவர் போவதற்குள் என் தலைக்குள் மெஷின் பாதி ஓடியேவிட்டது. "ஒரு மாசம் குடுங்க" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. வெட்கக்கேடு.

நொடி எண்ணி நிறுத்துகிற டைமர் போர்டு எனக்கு வராது, அது எலக்ட்ரானிக்ஸ் படித்த உன் வேலை. அன்று சாயங்காலமே, அப்போது வெளியூரில் வேலையில் இருந்த உனக்குப் போன் போட்டேன். நீ எடுத்தவுடன் கேட்டாய், "எதுக்கும்மா டைமர்?" நான் ஒரு மூச்சு விடும் நேரம்கூட யோசிக்கவில்லை. "பூஜை விளக்குத் தண்டு கண்ணு. பித்தளை. வளைக்கறதுக்கு முன்னாடி இளக்கணுமாம்" என்றேன். பொய் அவ்வளவு சரளமாக வந்தது எனக்கே ஆச்சரியம். ஏன் பொய் சொன்னேன் என்று நீ இப்போது கேட்பாய். காரணம் நீதான், உன் "எதுக்கு"தான். நீ பாலிடெக்னிக் முதல் வருஷம் லீவில் வந்திருந்தபோது ஒருவர் கடைக்கு வந்து பழைய டிரான்ஸ்பார்மர் ஒன்று கேட்டார், நினைவிருக்கிறதா? நான் எடுத்துக் கொடுக்கவே போய்விட்டேன். நீ குறுக்கே நின்று, "எதுக்குங்கண்ணா?" என்று கேட்டாய். அவர் அப்படி இப்படி என்று இழுத்தார். நீ விடவில்லை. கடைசியில், "கடலைக்காட்டுல பன்னி பூந்து அழிக்குது தம்பி. கம்பியில கரண்ட் விடத்தான்" என்று ஒத்துக்கொண்டார். "அப்டின்னா தரமாட்டோம்ண்ணா" என்று நீ சொல்லி அனுப்பிவிட்டாய். நான் அன்று உன்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே! வந்த ஆளை விரட்டுகிறவன் கடை வாசலில் உட்காராதே என்றேன். அந்த வருஷமே வேறெங்கோ வாங்கி அவர் போட்ட வேலியில் அவருடைய சொந்தத் தம்பி சிக்கினார். உயிர் பிழைத்தது பெரிய விஷயம், கை போய்விட்டது. நீ ஒரு தடவைகூட, "நான் சொன்னேனே" என்று சொல்லிக்காட்டவில்லை. நானும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆகவே எனக்கு நன்றாகத் தெரியும் கண்ணு, தோட்டாக் கூடு என்று சொன்னால் நீ அடுத்து என்ன கேட்பாய் என்று. லைசென்ஸ் எங்கேம்மா என்பாய், கிளப் பேர் என்னம்மா என்பாய். அந்தக் கேள்வி வராமல் இருக்கத்தான் விளக்குத் தண்டு.

மெஷின் செய்த நாட்களைப் பற்றி உனக்குப் பாதி தெரியும், தினமும் போனில் கதை அளந்தேனே. ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் வாங்கிய செம்புக் குழாயை முதலில் வளைத்தபோது நசுங்கியது. உள்ளே உப்பை நிரப்பி வளைத்தேன், வந்தது. குழாயே பழுத்துப் போகாமல் இருக்க அதற்குள் தண்ணீர் ஓட வேண்டும், அதற்கு ஏர்கூலர் மோட்டார். கூடுகளை ஒவ்வொன்றாக வளையத்துக்குக் கீழே கொண்டுவர, மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றுகிற குட்டி மோட்டார். இரண்டு போர்டு புகைந்து போனது, ஒன்று பட்டாசு மாதிரி வெடித்து உன் அப்பா டீ டம்ளரைக் கீழே போட்டார். அப்புறம் உன் டைமர் கூரியரில் வந்தது. "அம்மா, மூடியைத் தெறக்காதே. வெளிய இருக்கற ஸ்க்ரூவை மட்டும் திருப்பு" என்று குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னாய். மாட்டினேன். முதல் கூடு வளையத்துக்குள் நின்றது, கழுத்தில் லேசாகச் செம்மை ஏறியது, டக்கென்று நின்று தட்டில் விழுந்தது. ஆறிய பிறகு பார்த்தால் கழுத்தைச் சுற்றி நீலமும் பழுப்புமாக ஒரு பட்டை, அடிப்பக்கம் வந்தபடியே மஞ்சளாக. அட சாமி, என்ன அழகு! கடையில் தனியாக நின்று கைதட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் செய்த ஆகச் சிறந்த வேலை அதுதான். அது இப்படிப்பட்ட வேலையாகப் போய்விட்டதே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆயுத பூஜைக்கு நீ வந்தாய். ஸ்பானர், சுத்தியல், கட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். மெஷினை நடுவில் வைத்து சாமந்தி மாலை போட்டேன். நீ அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாய், நான் பக்கத்தில், உன் அப்பா பூசணிக்காயோடு. போட்டோ எடுத்து, "நானும் என் மகனும் செய்தது" என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டேன். அந்த ஆளின் நம்பர் என் போனில் இருந்தது, என் நம்பர் அவரிடம் இருந்தது. உனக்கும் எனக்கும் சேர்த்து நானே சுருக்கு முடிந்து, அதற்குப் பொட்டும் வைத்தேன்.

அப்புறம் மழை. அந்த வாரம் முழுக்க விடாமல் பெய்தது. சாக்கில் இரண்டாவது முறை வந்திருந்த கூடுகளில் சேறும் காய்ந்த இலைச் சருகும் ஒட்டியிருந்தன. போட்டி நடக்கிற இடத்தில் சிமெண்டுத் தரை இருக்குமே, சருகு எப்படி வரும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சருகோடு சேர்த்துப் பெருக்கித் தள்ளிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். கூடு வழக்கத்தைவிட வேகமாகப் பழுத்தது. செம்மை பளிச்சென்று ஏறியது. மெஷின் நன்றாகப் பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். மழை பெய்தால் எவரும் போர் மோட்டார் போடமாட்டார்கள். மோட்டார் ஓடாவிட்டால் நம் லைனில் வோல்டேஜ் ஏறும். ஆடி ஆவணியில் ஊரே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது, அழுந்திக் கிடந்த கரண்டில் நொடி பார்த்து வைத்த மெஷின் அது. உன் டைமர் நொடியைத்தான் எண்ணும், அதில் ஒரு குறையும் இல்லை. கரண்ட் ஏறியதைப் பார்க்க வேண்டியவள் நான். எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை, "வோல்டேஜ் பாத்துப் போடுங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்று வாய் கிழியத் திட்டுகிறவள், என் சொந்த மெஷினுக்கு ஒரு மீட்டர் மாட்டவில்லை. சூடு கழுத்தோடு நிற்காமல் அடிவரைக்கும் இறங்கிவிட்டது. கழுத்து இளகலாம், அடி இளகக் கூடாது. வெடியின் வேகத்தைத் தாங்குவது அடிதான்.

பத்து நாள் கழித்துத் தூறலில் அவர் வந்தார். காரைத் தள்ளியே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். "அக்கா, ஒண்ணு வெடிச்சிருச்சு" என்றார். "எங்க?" என்றேன். "அடியில. மச்சான் மூஞ்சியில தெறிச்சிருச்சு. ஒரு கண்ணு சுத்தமாத் தெரியலைங்கறான்." "ஐயையோ! எந்த ஆஸ்பத்திரிங்க? நான் வந்து பாக்கறேன்" என்று கடைச் சாவியை எடுத்துவிட்டேன். அவர் என்னையே பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கெல்லாம் போக முடியாதுக்கா. வூட்லயே மருந்து போட்டிருக்கு." "என்னங்க பேசறீங்க? கிளப்புல அடிபட்டா கிளப்புக்காரங்க கூட்டிட்டுப் போகமாட்டாங்களா?" அப்போதுதான் அவர் சிரித்தார். "எந்த கிளப்புக்கா?" என்றார். கூடவே, "நெஜமாவே தெரியாதா, இல்ல தெரியாத மாதிரி இருக்கீங்களா?" என்று கேட்டார். நான் கடைச் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

இனிமேல் செய்யமாட்டேன் என்றுதான் சொன்னேன். கூடுகளை அள்ளிக் கொண்டுபோங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. போனை எடுத்து அந்த ஆயுத பூஜைப் போட்டோவைக் காட்டினார். "எவ்ளோ லட்சணமா இருக்குப் பாருங்க. நான் பத்திரமா வெச்சிருக்கேன். தம்பி வெளிநாடு போகப்போறார்னு கேள்விப்பட்டேன், நல்லபடியாப் போகட்டும். ஸ்வல்ப கவனமாச் செஞ்சு குடுங்கக்கா, அடி இளகாம" என்றார். கதவருகே போய்த் திரும்பிப் பார்த்து, "வர்றேங்கக்கா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அதன் பிறகு மூன்று சாக்கு செய்துகொடுத்தேன். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மீட்டர் மாட்டினேன், ஸ்டெபிலைசர் மாட்டினேன், ஒரு கூட்டிலும் பிசகு வராமல் பார்த்துக்கொண்டேன். உட்கார்ந்து வேலை செய்யும்போது இதைத்தான் நினைப்பேன்: நான் தப்பாகச் செய்தால் சுடுகிறவன் முகத்தில் வெடிக்கும். சரியாகச் செய்தால் எதிரே இருக்கிறது எதுவோ அது சாகும். காட்டில் எதைச் சுடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. மானா, காட்டெருமையா, குறுக்கே வந்த வனத்துறை வாட்சரா, எனக்குத் தெரியாது. கெடுத்தாலும் பாவம், திருத்தினாலும் பாவம். அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து நான் நொடி எண்ணிக்கொண்டிருந்தேன். உன் அப்பா கேட்டதற்கு, "விளக்குத் தண்டு ஆர்டர் ஜாஸ்தி" என்றேன். ராத்திரி தட்டைப் பாதியில் தள்ளிவிடுவேன், நான் இளைப்பதைப் பார்த்துச் சர்க்கரை இருக்கிறதோ என்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார் அந்த மனுஷன்.

உன் பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரரை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கிறது. நல்ல மனிதர், சின்ன வயசு. வீடு பூட்டியிருந்ததால் கடைக்கே வந்தார். நான் அவசரத்தில் பழைய சேலையை எடுத்து மெஷின்மேல் போட்டேன். அவர் அதன் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தார், டீ டம்ளரைச் சேலைமேலேயே வைத்தார். "இது என்னங்கம்மா, சேலை கட்டி உக்காந்திருக்கு?" என்று விளையாட்டாகக் கேட்டார். "வைண்டிங் காயவெக்கற அடுப்புங்க சார். தூசி படாம மூடி வெச்சிருக்கேனுங்க" என்றேன். "பையன் மேல கேஸ் கீஸ் எதுவும் இல்லையேம்மா?" "அவனா சார்? எறும்பு போனாக்கூட ஒதுங்கிப் போவானுங்க." அது மட்டும் நிஜம். அவர் எழுதிக்கொண்டு போனார். அவர் தெருவைத் தாண்டிப் போன பிறகு சேலையில் பதிந்த டீ வட்டத்தைத் துடைத்தேன். அன்றைக்கே அவர் கையைப் பிடித்து, "சார், அந்தச் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க" என்று சொல்லியிருக்கலாம். நீ போக வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். உனக்காகத்தான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்காகப் பாதி, பயத்தில் பாதி.

பெங்களூர் விமான நிலைய வாசலில் நீ பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும் முன் திரும்பி, "விளக்குத் தண்டு மெஷின் நல்லா ஓடுதாம்மா?" என்று கேட்டாய். நான் தலையாட்டினேன். நீ போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது, அப்புறம் அந்த ஆளிடம் தைரியமாக முடியாது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நீ கடல் தாண்டிவிட்டாய், என் பிள்ளையை இனி யாரும் தொட முடியாது என்று நினைத்தேன். கடைப் பலகையில் என் நம்பருக்குக் கீழே உன் நம்பரையும், "மகன், பொறியாளர்" என்று சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்தவள் நான்தானே! வழியே போகிறவர்கள் பார்க்கட்டும் என்று எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டார். முடியாது என்று நான் சொன்ன நாலாம் நாள் உனக்கு மெசேஜ் வந்திருக்கிறது. இன்னொரு டைமர் என்றால் இன்னொரு மெஷின். முதல் தடவை நீ அறியாமல் செய்தாய் என்று சொல்லலாம். அடுத்த தடவையும் அப்படிச் சொல்ல முடியாது.

இன்று காலை உன் அப்பாவிடம் முழுதும் சொன்னேன். பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கெணத்துல போட்ருவோம். யாராவது கேட்டா அப்டி ஒண்ணும் இல்லைன்னு சொல்லிரலாம்" என்றார். "போட்டோ இருக்குதுங்களே" என்றேன். "போட்டோதான? பூஜை போட்டோ." "அந்த ஆளு சும்மா இருப்பானுங்களா? நாளைக்கு அவன் மாட்னா முதல்ல நம்ம பையன் பேரத்தான் சொல்லுவான். மறைச்சு வெச்சதா ஆயிருமுங்க." அவர் கேனைக் கழுவிக் கவிழ்த்தார். அப்புறம், "நாளைக்குக் காலைப் பால் ஊத்திட்டு வந்தர்றேன். நீ தனியாப் போகாத, நானும் வர்றேன்" என்றார். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் என்னிடம் சொன்ன ஆக நல்ல வார்த்தை அது.

இன்று மத்தியானம் கடை ஷட்டரை உள்பக்கம் இறக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். உன்னிடம் மறைக்க மாட்டேன், உன் டைமரைக் கழற்றிவிடலாம் என்றுதான் எடுத்தேன். அதன் இடத்தில் கடையில் விற்கிற ஏதாவது ஒன்றை மாட்டிவிட்டால், முழுதும் நான் ஒருத்தி செய்தது என்று சொல்லிவிடலாம். நீ திறக்காதே என்ற மூடியை முதல் தடவையாகத் திறந்தேன். பச்சைப் போர்டின் பின்பக்கம் கறுப்பு மையில் நீ எழுதியிருந்தாய்: "அம்மாவுக்கு. கை வைக்காதேன்னு சொன்னேன் இல்ல?" எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. திருட்டுப்பயலே, திறப்பேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது! அந்தப் போர்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். கழற்றி ஒளித்தால் அதுவும் இன்னொரு விளக்குத் தண்டு. இது வெளியே வந்தால் மறைத்ததற்குக் காரணம் கேட்பார்கள், அப்போது நான் சொல்கிற எந்த நிஜத்தையும் எவரும் நம்பமாட்டார்கள். நீ ஒன்றும் அறியாதவன் என்பதையும் சேர்த்துத்தான். இருந்த இடத்திலேயே திரும்ப மாட்டினேன். நாலு ஸ்க்ரூவையும் இறுக்கினேன். மெஷின் நாளைக்கு உன் கையெழுத்தோடுதான் ஸ்டேஷனுக்கு வரும்.

இதனால் உனக்குக் கெடுதல் வரலாம். இங்கிருந்து கூப்பிட்டு விசாரிக்கலாம், அந்த ஊர்க் கம்பெனியில் ஒரு மாதிரிப் பார்க்கலாம், வேலைக்கே உலை வைக்கலாம். வராது என்று நான் சத்தியம் பண்ண முடியாது. உன்னைக் கேட்காமல் உன் தலையில் இதைப் போடுகிறேன். முன்பு உன்னைக் கேட்காமல் பொய்யைப் போட்டேன், இப்போது உன்னைக் கேட்காமல் நிஜத்தைப் போடுகிறேன். கோபம் வந்தால் கோபப்படு, ஒரு வருஷம் பேசாதே, தாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாதே. அங்கே உன்னிடம் யாராவது நல்ல வேலை, கஷ்டமான வேலை, உன்னால்தான் முடியும் என்று வந்து நின்றால், உன் மூளை கணக்குப் போட ஆரம்பிக்கும் முன்பு, "எதுக்கு?" என்று கேள். உனக்கு அது தானாக வருகிறது, என்னால்தான் அது உனக்குக் கெட்டுப்போய்விடுமோ என்று பயப்படுகிறேன். பெற்றவளே பொய் சொல்கிறபோது கேட்டு என்ன பிரயோசனம் என்று தோன்றும். தோன்றினாலும் கேள். என்னிடமும் கேள்.

கடைசியாக ஒன்று. உன்னை யார் விசாரித்தாலும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று மென்று முழுங்குவாய். ஐந்தாம் வகுப்பில் மார்க் அட்டையில் நான் கையெழுத்துப் போட மறந்ததற்கு, "நான்தான் டீச்சர் காட்டல" என்று அடி வாங்கிக்கொண்டு வந்தவன் நீ. அந்த வேலை இதில் ஆகாது. நீ இழுத்தால், தெரிந்துதான் செய்தான் என்று எழுதிக்கொள்வார்கள். நீ சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "எங்கம்மா எங்கிட்டப் பொய் சொன்னாங்க." உன் வாயில் அது லேசில் வராது. அதனால் முதலில் என்னிடம் சொல்லிப் பழகு. காலையில் உன் அப்பா பால் ஊற்றிவிட்டு வரும் வரைக்கும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கூப்பிடு. அம்மா எப்படி இருக்கே என்று ஆரம்பிக்காதே. அழாதே. "நீ எங்கிட்டப் பொய் சொன்னே" என்று ஆரம்பி. நான், "ஆமாங்கண்ணு" என்பேன். அப்புறம்தான் கிளம்புவேன்.